பெற்றோல் மணந்த கல்யாணம்

போன கிழமை மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மகனின் கார் எங்களைக் கைவிட்டது. கருவாடு வாங்கிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தோம். அது புறப்படவில்லை, அவ்வளவுதான். இந்தக் காருக்குத் திறப்பு என்று ஒன்று உண்டு, ஆனால் அதை எதற்குள்ளும் போட்டுத் திருப்புவதில்லை. சட்டைப் பைக்குள் கிடந்தால் போதும். ஒரு பொத்தானை அமத்த வேண்டும், கார் உயிர் பெறும். அன்று மகன் அமத்தினான். பிறகும் அமத்தினான். காருக்கு முன்னால் நின்ற கழுதை ஒன்றுதான் காதை ஆட்டியது.

எங்கள் ஊர்க் கழுதைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸுக்கே வழி விடாதவை, ஓடாத காரைப் பார்த்தா ஒதுங்கப் போகின்றன?

நான் பழைய டிரைவர். கார் ஸ்டார்ட் வராவிட்டால் என் கை தானாகவே பொனற்றைத் திறக்கும். திறந்தேன். உள்ளே எல்லாவற்றையும் கறுப்புப் பிளாஸ்ரிக் மூடியால் மூடி வைத்திருந்தார்கள், சமைத்து மூடிவைத்த சட்டி மாதிரி. பிளக் எங்கே, வயர் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. ஏதோ விளங்கியவன் போலத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப மூடினேன். மகன் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை.

அந்த நேரம் பக்கத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளுக்குப் போத்தலில் இருந்து பெற்றோல் ஊற்றினார். கை தடுமாறிக் கொஞ்சம் நிலத்தில் சிந்தியது. வெயிலில் அந்த மணம் குப்பென்று கிளம்பி, எங்கள் காருக்குள் இருந்த கருவாட்டு மணத்தையும் மீறி வந்தது. பின் இருக்கையில் இருந்த மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"இஞ்சாருங்கோ, பிலோமினா அக்கா பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பிலோமினா என் மனைவியின் அக்கா. அவர் இப்போது கடல் கடந்து, பனி கொட்டுகிற ஒரு நகரத்தில் இருக்கிறார். அவருக்கும் பெற்றோல் மணத்துக்கும் உள்ள உறவைச் சொல்வதென்றால் என் மாமாவின் காரில் இருந்து தொடங்க வேண்டும்.

அது யுத்தகாலம். மன்னார்த் தீவுப் பக்கம் ஒரு மாதிரி, பெருநிலப் பக்கம் வேறொரு மாதிரி. நாங்கள் பெருநிலத்தில், விடத்தல்தீவுக்கு இப்பால் இருந்தோம். எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வருவதற்கு அரசாங்கத்தின் தடை. பற்றரிக்கும் தடை, சவர்க்காரத்துக்கும் பல நாள் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு எண்ணெயும் விட்டு விளக்கெரித்துக்கொண்டு இருந்தோம். அப்படியும் கார்கள் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. எஞ்சின் சூடாக இருந்தால் எரியும், குளிர்ந்து கிடந்தால் எரியாது. அதனால் முதலில் காபரேற்றரின் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோலை ஊற்றி, முன்னால் இரும்பு ஹாண்டிலைப் போட்டுச் சுழற்ற வேண்டும். எஞ்சின் ஓடிச் சூடு பிடித்தால் பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். அந்த முதல் வாய்ப் பெற்றோலுக்காக ஒவ்வொரு டிரைவரும் ஒரு சின்னப் போத்தலைப் பிள்ளை மாதிரிக் காவிக்கொண்டு திரிந்தார்.

என் தாய்மாமா சந்தியோகு வைத்திருந்தது ஏ போர்ட்டி என்று நாங்கள் சொல்லும் பழைய கார். கறுப்பு நிறம் என்று பதிவில் இருக்கும். உப்புக்காற்று தன் பாட்டில் வேறு நிறம் அடித்திருந்தது. அந்தக் காரில் மாமாவுக்கு ஒரே ஒரு கவலை, பெற்றோல் போத்தல் களவு போவது. இருக்கைக்குக் கீழே ஒளித்தார், போனது. கருவாட்டுப் பைக்குள் வைத்தார், கருவாட்டோடு போனது. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மடு மாதாவின் சின்னப் படமொன்றை எடுத்துப் போத்தலில் ஒட்டினார். மடுக் கோயிலுக்குப் போய்வருகிற சனம் தீர்த்தம் கொண்டுவருகிற போத்தல் மாதிரியே இருந்தது. அதைக் காரின் முன் கண்ணாடிக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் நிமிர்த்தி வைத்தார்.

"இப்ப ஆர் எடுக்கிறான் எண்டு பாப்பம். தீர்த்தத்தைக் களவெடுக்கிறவன் இந்தப் பகுதியில இன்னும் பிறக்கேல்லை" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். அதன் பிறகு ஒருவரும் தொடவில்லை. சிலர் காரைக் கடக்கும்போது சிலுவை அடையாளம்கூடப் போட்டார்கள். மாமா தானும் பதிலுக்குத் தலையைக் குனிவார்.

பிலோமினா அக்காவின் கல்யாண நாளன்று மாமாவுக்கு மலேரியாக் காய்ச்சல். சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது ஓட்டப் பழகி அதிக காலமில்லை. கல்யாண ஓட்டம் தனியாகப் போனதே இல்லை.

"எஞ்சினை நிப்பாட்டாதை. என்ன நடந்தாலும் நிப்பாட்டாதை. போத்தலைப் பற்றி ஒருத்தருக்கும் வாய் திறக்காதை."

இரண்டாவது கட்டளை எனக்குச் சுகமானது. வாய் திறக்காமல் இருப்பதில் என்னைப் போல் ஆள் கிடையாது. அந்த வயதில் நான் பெண்கள் ஏறினால் ஸ்டியரிங்கைப் பார்ப்பேன், இறங்கினால் அவர்களின் செருப்பைப் பார்ப்பேன். முகங்களை விடச் செருப்புகளைத்தான் எனக்கு அதிகம் தெரியும்.

அன்று விபூதிப் புதனுக்கு முந்திய நாள். நாளையோடு நோன்பிருக்கிற தபசுகாலம் தொடங்கிவிடும். பிறகு ஈஸ்டர் என்கிற பாஸ்கு முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் தள்ளிப் போட்டிருந்த கல்யாணங்கள் எல்லாம் அந்த நாளில் வந்து குவிந்திருந்தன. எங்கள் பக்கத்துக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் இருந்தவர் ஒரே ஒரு சுவாமியார். பிலோமினா அக்காவின் கல்யாணத்தை முடித்துவிட்டு அவர் அடுத்த ஊருக்கு இன்னொரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். "பத்து மணிக்குப் பொம்பிளை கோயிலில நிக்க வேணும், நான் காத்துக்கொண்டு நிக்க மாட்டன்" என்று ஞாயிறு பூசையிலேயே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வவுனியாப் பக்கத்தில் இருந்து ஆமி பாதை திறந்த நேரம் பார்த்து வந்தவர். அது எப்போது மூடும், மூடினால் எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்குத் தவறினால் பாஸ்குவுக்குப் பிறகு பார்ப்போம் என்று வாயால் சொல்லலாம். பாஸ்குவுக்கு யார் எங்கே இருப்போம் என்று சொல்லக்கூடிய காலமில்லை அது. ஏற்கெனவே அந்தக் கல்யாணம் ஒரு முறை இடம்பெயர்வால் நின்று போனது.

கல்யாண வீட்டு முற்றத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன், எஞ்சினை நிறுத்தவில்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் வெறும் கார் அல்ல, அது பாண் சுடுகிற ஒரு போறணை. வெள்ளைப் புகை நேரே மணப்பெண் அலங்கரித்துக்கொண்டிருந்த அறைக்குள் போனது. பெண்ணின் தாய் விக்டோரியா மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி, நிப்பாட்டு ராசா! வெள்ளைச் சீலை கறுக்கப் போகுது. கேக்கிலயும் மண்ணெண்ணெய் மணக்கப் போகுது!"

மாமாவின் கட்டளை காதுக்குள் இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில், அத்தனை பெண்களுக்கு முன்னால் நின்று, ஒரு மாமியிடம் 'ஏலாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிப்பாட்டினேன். கண்ணாடிக்குக் கீழே போத்தல் இருக்கிறதே என்ற தைரியமும் இருந்தது. பின்வளவில் சமையல் செய்துகொண்டிருந்தவர்கள் கூப்பிட்டு, வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் தந்தார்கள். பெண்கள் இல்லாத இடம் என்பதால் நிம்மதியாக அங்கேயே குந்தியிருந்து குடித்தேன்.

அந்த இடைவெளியில் முன்பக்கம் நடந்ததைப் பிறகு மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெண் வீட்டை விட்டு இறங்கும்போது தாய் தீர்த்தம் தெளித்து அனுப்புவது அந்தக் குடும்பத்து வழக்கம். வீட்டில் இருந்த தீர்த்தம் வெயிலுக்கு வற்றிப்போயிருந்தது. மாமி என்ன செய்வதென்று தவித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், காரின் கண்ணாடிக்குக் கீழே மடு மாதா நிற்கிறா.

"பாத்தியளே, மாதா தானே வந்து நிக்கிறா!"

அழாத குறையாகப் போத்தலை எடுத்தார். உள்ளங்கையில் ஊற்றி ஊற்றி வாசற்படிக்குத் தெளித்தார். பெண்ணின் நெற்றிக்கு, தோளுக்கு, தலையில் போட்ட வெள்ளை நெற்றுக்கு எல்லாம் தெளித்தார். பெண்ணைக் காரில் ஏற்றி இருத்திவிட்டு, மிச்சத்தைக் காரைச் சுற்றி வந்து தெளித்தார். மாமி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. முற்றம் முழுக்க ஏற்கெனவே என் காரின் மணம் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண் மட்டும் ஒரு வார்த்தை கேட்டாராம்.

"என்னம்மா, தீர்த்தம் இப்பிடிக் குளிருது?"

"மாதாவின்ர அருள் அப்பிடித்தான் பிள்ளை குளிரும்" என்றாராம் மாமி.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது மாமி வெறும் போத்தலை என்னிடம் பக்தியோடு நீட்டினார். "முடிஞ்சு போச்சு தம்பி. மடுவுக்குப் போகேக்க நிரப்பிக்கொண்டு வந்து தாறன்."

போத்தலை முகர்ந்து பார்த்தேன். பிறகு காரின் பொனற்றை முகர்ந்தேன். பிறகு, சொல்ல வெட்கம், தூரத்தில் நின்றபடி மணப்பெண்ணின் பக்கமாகவும் மூக்கை நீட்டினேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்த முழுப் பெற்றோலும் பிலோமினா அக்காவில் இருந்தது.

என் முகத்தைப் பார்த்து முதலில் விளங்கிக்கொண்டது பெண்ணின் தங்கை ரோசலின்தான். அவள் அக்காவின் தோளை முகர்ந்தாள், என் கையில் இருந்த போத்தலைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினாள்.

"அம்மா! நீங்கள் தெளிச்சது பெற்றோல்!"

மாமி நெஞ்சில் கையை வைத்தார். "அப்ப மாதா?"

"மாதா படத்தில மட்டும்தான் மாமி" என்று நான் சொன்னேன். அன்று அந்த முற்றத்தில் நான் பேசிய முதல் வசனம் அது. அதுவும் ஒரு மாதிரியான வசனமாகப் போய்விட்டது.

சிரிக்க நேரமில்லை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்துவிட்டது. ஹாண்டிலைப் போட்டுச் சுழற்றினேன், தோள்மூட்டு கழன்றதுதான் மிச்சம். ஒருவர் "சைக்கிளில ஏத்திக்கொண்டு போவம்" என்றார். கோயில் மூன்று கட்டை தூரம். நாங்கள் கட்டை என்பது மைலை. மாமி ஒரேயடியாக மறுத்துவிட்டார். காரில் ஏறி இருந்த பெண் இடையில் இறங்கக் கூடாதாம். பெற்றோலில் பிழைவிட்டவர் இதிலாவது பிழை விடக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். பிலோமினா அக்கா கண்ணாடிக்கு உள்ளிருந்து, "இறங்கிறன் அம்மா, நேரம் போகுது" என்று அழுகிற குரலில் சொன்னார். "இரடி!" என்று தாய் அதட்டினார்.

பெற்றோல் இல்லாத இடத்தில் செய்ய மாமா பழக்கிய வேலை ஒன்று இருந்தது. நாலு பிளக்கையும் கழற்றி அடுப்பில் சுட்டுப் போடுவது. சூடான பிளக்குக்கு மண்ணெண்ணெய் சில நேரம் மசியும். கழற்றினேன். "தாங்கோ" என்று ரோசலின் சிரட்டையை நீட்டினாள். மணப்பெண்ணின் தோழியாக உடுத்த புதுச்சட்டையோடு பின்வளவுக்கு ஓடி, ஆட்டிறைச்சிச் சட்டிக்குக் கீழே கிடந்த தணலுக்குள் பிளக்குகளைப் புதைத்து வைத்தாள். அதற்கிடையில் சோற்றுக்குக் கொதிக்க வைத்த தண்ணீரைத் துணியில் நனைத்து எஞ்சினுக்கு ஒத்தடம் கொடுத்தேன். குளிர்காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரித்தான்.

சிரட்டை திரும்பி வந்தது. "கவனம், சுடும்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

எங்கள் முதல் சம்பாஷணை முழுவதும் அவ்வளவுதான். மிச்சத்தை இன்றுவரை அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.

விரல் பொசுங்கப் பிளக்குகளைப் பூட்டினேன். ஹாண்டிலுக்கு எஞ்சின் இருமியது, ஆனால் எழும்பவில்லை. இனித் தள்ளத்தான் வேண்டும். முற்றம் முழுக்க மணல். சில்லுகள் புதையாமல் இருக்க, வேலிக்கு வைத்திருந்த தென்னோலைக் கிடுகுகளை விரித்தார்கள். நான் ஸ்டியரிங்கில். பின் இருக்கையில் பெண்ணும், செபமாலையை உருட்டியபடி தாயும். மற்றவர்கள் எல்லோரும் பின்னால். சமையல்காரர் கரண்டியோடு வந்தார். றோட்டால் போன ஆட்கள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் கையைக் கொடுத்தார்கள். நான் கண்ணாடியில் பார்த்தேன். டிரைவரின் தலைக்கு மேல் இருக்கிற அந்தச் சின்னக் கண்ணாடியில், இரண்டு கைகளையும் காரில் ஊன்றி, முகம் சிவக்கத் தள்ளிக்கொண்டு ரோசலின் தெரிந்தாள். நேரே பார்த்திருந்தால் செருப்பைத்தான் பார்த்திருப்பேன். கண்ணாடியில் பார்க்க வெட்கமில்லை. அப்படித்தான் முதல்முதலாக ஒரு பெண்ணின் முகத்தை முழுதாகப் பார்த்தேன்.

றோட்டில் ஏறியதும் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன். கார் ஒரு முறை குலுங்கிப் 'படார்' என்று ஒரு வெடி வெடித்தது.

பின்னால் தள்ளிய அத்தனை பேரும் நிலத்தில் குப்புற விழுந்தார்கள்.

அந்த நாட்களில் எங்கள் உடம்புகளில் அப்படியொரு பழக்கம் இருந்தது. வெடிச்சத்தம் கேட்டால் மூளை யோசிக்க முன் உடம்பு விழுந்துவிடும். மணல் றோட்டில் பட்டுச்சேலைகளும் வெள்ளை வேட்டிகளும் வரிசையாகக் கிடந்தன. சமையல்காரர் கரண்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கிடந்தார். எஞ்சின் படபடவென்று ஓடியது. முதலில் தலையைத் தூக்கியவள் ரோசலின். முகமெல்லாம் மண்ணோடு காரைப் பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொருவராக எழும்பி எல்லோரும் சிரித்தார்கள். பின் இருக்கையில் அவ்வளவு நேரம் கண் கலங்கியிருந்த மணப்பெண்ணும் நெற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப நின்றுவிடும். தோழியை ஏற்றாமலே போனேன். கண்ணாடியில் அவள் அக்கா மறந்துபோன பூங்கொத்தைத் தூக்கிக் காட்டிக் காட்டிக் கத்தினாள். பிறகு யாருடையதோ சைக்கிளைப் பிடுங்கி, பூங்கொத்தைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு மிதித்து வந்தாள்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி எப்போதோ போய்விட்டது. மாப்பிள்ளை வாசலில் முகம் செத்துப்போய் நின்றார். மாமி காரால் இறங்காமலே அழ ஆரம்பித்தார். "சுவாமி போயிட்டாரோ?"

போகவில்லை. கோயில் பக்கவாட்டில், அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, வியர்க்க வியர்க்கத் தன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். அதுவும் மண்ணெண்ணெயில் ஓடுகிறதுதான். ஒரு பக்கம் சரித்துப் பார்த்தார், மறுபக்கம் சரித்துப் பார்த்தார், உதைத்தார்.

"உங்களுக்காக நிண்டன் எண்டு நினைச்சுப் போடாதையுங்கோ. இது விட்டால்தானே!" என்றார். பிறகு மூக்கை உயர்த்தினார். முகம் மலர்ந்தது. "ஆரிட்டையோ பெற்றோல் இருக்கு. நல்லா மணக்குது. கொஞ்சம் தாங்கோவன்."

மாமிதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"சுவாமி, அது முழுக்கப் பொம்பிளையில இருக்கு."

சுவாமியார் அன்று கல்யாணப் பூசையில் இரண்டு முறை சிரிப்பை அடக்க முடியாமல் பீடத்துக்குப் பக்கமாகத் திரும்பி நின்றார். மெழுகுதிரி கொளுத்துகிற இடத்துக்குப் பெண்ணை மட்டும் விடவில்லை. காற்றில் அதற்குள் எல்லாம் பறந்திருக்கும், ஆனாலும் யாருக்கும் துணிவில்லை. நான் வெளியே காருக்குள் எஞ்சினை ஓடவிட்டபடி இருந்து, ஜன்னல் வழியாகத் தாலி கட்டுவதைப் பார்த்தேன். முடிந்ததும் கல்யாணச் சனம் முழுவதும் சேர்ந்து சுவாமியாரின் மோட்டார் சைக்கிளைத் தள்ளி, அடுத்த கல்யாணத்துக்கு அனுப்பி வைத்தது.

வீட்டில் மாமா எல்லாவற்றையும் சாக்குக்குள் இருந்தபடி கேட்டார். "காருக்கும் தெளிச்சவவோ?"

"ஓம் மாமா."

"அப்ப சரி" என்று திரும்பிப் படுத்தார்.

அந்தக் கார் இப்போது எங்கே என்று தெரியாது. கடைசி இடம்பெயர்வில் ஒரு வாய்க்கால் ஓரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது அந்த இடத்தில் காரும் இல்லை, வாய்க்காலும் இல்லை. மாமாவும் போய்விட்டார். பிலோமினா அக்கா சில வேளை காருக்குப் பெற்றோல் அடிக்கிற இடத்தில் இருந்து தொலைபேசி எடுப்பார். "தம்பி, என்ர கல்யாணம் மணக்குது" என்று சொல்லிவிட்டு வைப்பார்.

மகனின் காருக்கு வருகிறேன். பழுது காரில் இல்லையாம். திறப்புக்குள் இருக்கிற பொத்தான் அளவு பற்றரி முடிந்துவிட்டதாம். அவன் கடைக்கு ஓடினான். போகும்போது என்னை ஓட்டுநர் இருக்கையில் இருக்கச் சொன்னான். அதற்குள் தேநீர்க் கடையில் இருந்து என் வயதுக்காரர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் காரின் பின்னால் கையை வைத்தார். மனைவியும் கருவாட்டுப் பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். திரும்பி வந்த மகன் பதறினான்.

"ஐயா, இதைத் தள்ளி ஸ்டார்ட் எடுக்கேலாது."

"தள்ளேலாத காரோ?" அவர் கையை எடுத்தார். எடுத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனார்.

புதுப் பற்றரி போட்ட திறப்பை மகன் என்னிடம் தந்தான். "பிரேக்கை மிதிச்சுக்கொண்டு அமத்துங்கோ அப்பா." அமத்தினேன். விளக்குகள் எரிந்தன. பற்றரியிலும் ஓடுகிற காராம், சத்தமே இல்லை. இருமல் இல்லை, புகை இல்லை, வெடி இல்லை. வெடிக்கு விழுகிற அந்தப் பழக்கமும் எங்கள் உடம்புகளை விட்டுப் போய்விட்டது. போன கோயில் பெருநாளுக்கு வாணம் விட்டபோது எங்கள் தெருவில் எல்லோரும் அண்ணாந்துதான் பார்த்தார்கள். அது போனதில் எனக்குச் சந்தோஷம்தான்.

தலைக்கு மேல் கண்ணாடியில் பார்த்தேன். காரின் பின்னால் ரோசலின் இன்னும் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். கார் எப்போதோ ஓடத் தயாராகிவிட்டது. அவள் அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.